எண்ணிக்கையில் சேராத புலன்

1952ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்தமைக்காகச் செல்மன் வாக்ஸ்மன் நோபல் பரிசு பெற்றார். காசநோய்க்கு எதிராகப் பயன்தந்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது. அதே ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் ஒரு மருத்துவர். பெயரிருக்க வேண்டிய இடத்தில் ஜே. சி. என்னும் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. காசநோய்க்காக அம்மருந்தை ஏற்றுக்கொண்டு, அதனாலேயே உடலின் சமநிலை உணர்வை இழந்தவர் அவர். அந்த இழப்போடு நாள்தோறும் வாழ்வது எவ்வாறு என்பதே கட்டுரையின் பொருள்.

உட்செவியின் அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. தலை ஒருபுறம் திரும்பும்போது கண்கள் அதற்கு ஈடாக எதிர்ப்புறம் திரும்புவது இவ்வுணர்வினால்தான். ஆகவே நடந்துகொண்டே நம்மால் ஒரு முகத்தைத் தெளிவாகக் காண முடிகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் அங்குள்ள நுண்மயிர்ச் செல்களைச் சிதைக்கக்கூடியது. செவிப்புலன் தப்பிவிடலாம்; சமநிலை தப்புவதில்லை.

ஜே. சி. படுக்கையில் புத்தகம் வாசிக்க முயன்றபோது, நாடித்துடிப்பினால் தலையில் எழும் சிற்றசைவே எழுத்துகளைக் கலங்கச் செய்தது. கட்டில் தலைமாட்டின் இரு கம்பிகளுக்கிடையே தலையை அசையாமல் பொருத்திக்கொண்டு அவர் வாசித்தார். தெருவில் நடக்கையில் அறிந்தவர் முகத்தை இனங்காணவும் பெயர்ப்பலகையைப் படிக்கவும் அவர் நின்றாக வேண்டியிருந்தது.

இதனைத் தலைச்சுற்றல் என்று சொன்னால் பொருந்தாது. ஒரு செவியின் சமநிலை உறுப்பு மட்டும் திடீரெனப் பழுதுபட்டால், இருபுறச் செய்திகளும் முரண்பட்டு உலகம் சுழல்வதாகத் தோன்றும். இரண்டும் ஒருங்கே அழியும்போது அம்முரண்பாட்டுக்கு இடமில்லை. தலை அசைந்தால் காட்சி துள்ளும். இருளில் நடை தள்ளாடும். இருபுற நரம்புகளும் அறுக்கப்பட்ட நோயாளிகளிடம் இக்காட்சித் துள்ளலை அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1941இலேயே குறித்திருந்தார். அது புறத்தே நின்று கண்டவரின் குறிப்பு. அகத்தே நின்று, ஒவ்வோர் அசைவையும் அளந்து எழுதப்பட்ட சான்றை ஜே. சி. தந்தார்.

இழந்த உணர்வு அவருக்குத் திரும்பவில்லை. அதன் பணியைக் கண்ணும், பாதமும் தசைகளும் தரும் தொடுவுணர்வும் பகிர்ந்துகொண்டன. வெளிச்சமும் சமதளமான தரையும் இருக்கும்வரை இந்த ஏற்பாடு நிலைக்கும், விளக்கணைந்தால் குலைந்துவிடும். இலண்டனில் 1940களில் காத்தார்னும் குக்ஸியும் வகுத்த கண், தலை, உடல் அசைவுப் பயிற்சிகளும் மூளையின் இத்தகைய ஈடுசெய்யும் ஆற்றலையே நம்பியவை.

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று எண்ணும் மரபில் சமநிலைக்குத் தனிப்பெயர் இல்லை. பெயரில்லாத புலன் பழுதுபட்டால் முறையீடும் தெளிவற்றதாகிவிடுகிறது: 'ஒரு மாதிரி இருக்கிறது', 'தள்ளாடுகிறது', 'தலை சுற்றுகிறது'. ஜே. சி. மருத்துவராதலால் தமக்கு நேர்ந்ததைப் பிரித்துச் சொல்ல அவரால் இயன்றது. அந்த மொழி வாய்க்காத நோயாளியிடம், எது அசைகிறது, எப்போது அசைகிறது, இருளில் என்ன ஆகிறது என்று கேட்டறிவது எதிரில் அமர்ந்திருப்பவரின் கடமையாகிறது.