ஒப்பந்தப்புள்ளி

டெண்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். அரசு விளம்பரங்களில் அதற்குத் தமிழ் ‘ஒப்பந்தப்புள்ளி’. 1998இல் தமிழ்நாடு இதற்கென்று ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டமும் இயற்றியது. ஒப்பந்தம் ‘ஒப்பு’ என்பதை அடியாகக் கொண்டது. புள்ளி? புள்ளிவிவரம், விலைப்புள்ளி என்பவற்றில் வரும் அதே சொல்தான்: எண், கணக்கு, மதிப்பீடு. இன்ன தொகைக்கு இந்த வேலையைச் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் கணக்கு. இலங்கைத் தமிழர் இதைக் கேள்விமனு, விலைமனு என்பார்கள்; புள்ளி என்றால் அங்கே தேர்வு மதிப்பெண்.

அந்த இலங்கைப் பொருள்தான் கட்டடக்கலைஞரையும் பொறியாளரையும் தேர்வதற்குப் பொருத்தம் என்பேன். சிமெண்ட்டுக்குக் குறைந்த விலை பார்க்கலாம். வடிவமைப்புக்குப் பார்த்தால் பாலம் பாடம் சொல்லும். இந்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஆலோசகர்களின் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போட ஒரு முறை வைத்திருக்கின்றன. அதில் தரத்தின் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தொழில்நுட்ப உறையைப் பிரித்து மதிப்பிட்ட பிறகே, தேறியவர்களின் விலை உறையைத் திறப்பார்கள்.

அமெரிக்கக் கூட்டரசின் 1972ஆம் ஆண்டு புரூக்ஸ் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. முதலில் தகுதி வரிசை மட்டுமே; கட்டணப் பேச்சு முதலிடத்தவரோடு. அது படியாவிட்டால்தான் அடுத்தவருக்கு அழைப்பு.