தூசியும் எஞ்சினும்: ஆலங்குளம் வட்டாரத்தில் வண்டி பேணிய வரலாறு

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தைச் சுற்றிக் கரிசல் காடும் சுண்ணாம்புக்கல் பூமியும் விரிந்து கிடக்கின்றன. அந்தக் கல்லை நம்பியே 1970-இல் அங்கு அரசு சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. 1976-இல் உருவான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனம் பின்னர் அதை நடத்தியது. கல் ஏற்றும் லாரி, மூட்டை ஏற்றும் லாரி, கரிசலை உழும் டிராக்டர் என இவ்வட்டாரத்து வண்டி எதுவும் தூசியிலிருந்து தப்பியதில்லை. எஞ்சினை வீட்டிலேயே துடைத்துப் பேணும் பழக்கம் இங்கு வளர்ந்ததற்கு அந்தத் தூசியே முதற்காரணம்.

தென்மாவட்டங்களில் மோட்டார் பராமரிப்பு ஒரு தொழிலாக வேர்விட்ட ஊர் மதுரை. 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மதுரையிலிருந்த அவருடைய டிவிஎஸ் நிறுவனம் கரிவாயுக் கலனைத் தயாரித்தது. வண்டியில் பொருத்திய உருளையில் கரியை எரித்து, அதிலிருந்து கிளம்பும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் ஏற்பாடு அது. வாயுவோடு சாம்பலும் தாரும் சேர்ந்தே வரும். வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும், பிஸ்டன் ரிங் தேயும். எஞ்சினுக்குள் போகும் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் கைகள் கறுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

போருக்குப் பின் வந்த லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஆயில் பாத் ஏர் கிளீனர் இருந்தது. உள்ளே இழுக்கப்படும் காற்று எண்ணெய்மேல் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயில் படியும். கிண்ணத்தைக் கழற்றி, சேற்றை வழித்து, புது எண்ணெய் ஊற்றுவது ஓட்டுபவரே செய்த வேலை. கார் வைத்திருந்தவர்களோ பிளக்குக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார்கள், கார்புரேட்டர் ஜெட்டை ஊதி அடைப்பெடுத்தார்கள், பிளக்கைக் கம்பித் தூரிகையால் துலக்கினார்கள். வெளிப்புறப் பிசுக்குக்கு மண்ணெண்ணெயோ டீசலோ போதும். துடைக்க, நூற்பாலைக் கழிவான பஞ்சு வேஸ்ட் உண்டு. இராஜபாளையம் போன்ற நூற்பாலை ஊருக்குப் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் வந்தபின் இந்த வேலைகள் சாதாரண வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தன. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலையும் சேர்த்து எரிப்பதால் சைலன்சரில் கரி அடையும். அதைக் கழற்றி நெருப்பில் காட்டித் தட்டி உதிர்ப்பார்கள்.

இந்தக் கைவேலைகளை மாற்றிய சென்சார்களின் கதை வெளிநாட்டில் தொடங்குகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. 1976-இல் வோல்வோ காரில் புகையின் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் இடம்பெற்றது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் இந்தச் சென்சாரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெட்டுவிடும். அதனால் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் முழுவதுமாக நிறுத்தப்பட்டது ஒரு முக்கியத் திருப்பம். அந்தக் காலகட்டத்திலேயே கார்புரேட்டர் விலகி, எம்பிஎஃப்ஐ எனும் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை பரவியது. 2017-இல் பிஎஸ் 4, 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 என வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. கரி தட்டிய மொபெட்டின் வழித்தோன்றலான டிவிஎஸ் எக்ஸ்எல் 100-கூட இன்று பெட்ரோலைச் சென்சார் கணக்குப்படி செலுத்துகிறது.

இந்த மாற்றம் பழைய கைப்பழக்கம் பலவற்றைச் செல்லாததாக்கியது. டீசல் வண்டிகள் பலவற்றில் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாருக்குள், சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பியோ தகடோ இருக்கும். அதன்மேல் தூசி படிந்தால் காற்று குறைவாக வருவதாகக் கணக்குக் காட்டும், இழுவை குறையும். உப்புத்தாளோ வேஸ்டோ பட்டால் அது பழுதாகிவிடும். அதற்கென விற்கும் ஸ்பிரேயைத் தொடாமல் அடித்து, தானே காயவிட்டு மாட்டுவதே முறை. பீங்கான் முனை கொண்ட ஆக்சிஜன் சென்சாரைப் பெட்ரோலில் ஊறவைத்துப் பயனில்லை. கெட்டால் மாற்ற வேண்டியதுதான். காந்தம் உள்ள கிராங்க் சென்சாரின் முனையில் இரும்புத்தூள் ஒட்டும். அதை மட்டும் துணியால் துடைக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் தண்ணீரைப் பற்றியது. கண்மாய்க் கரையில் லாரியை நிறுத்தி எஞ்சின் வரை வாளியால் ஊற்றிக் கழுவிய வழக்கமும், பிறகு வந்த வாட்டர் சர்வீஸின் அழுத்த நீரும் பழைய எஞ்சினுக்குப் பெரும்பாலும் கேடு செய்யவில்லை. பாயிண்ட் நனைந்தால் துடைத்துவிட்டுக் கிளப்பினார்கள். இன்றைய கனெக்டருக்குள் ஈரம் புகுந்தால் பின்கள் பச்சை பூத்து, செக் எஞ்சின் விளக்கு எரியும். ஆலங்குளம் போன்ற ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: சிமெண்ட் தூசி நனைந்தால் இறுகிவிடும். மூலையில் இறுகிய படலத்தைச் சுரண்டப்போனால் ஒயரும் ஹோஸும் அறுபடும்.

ஆகவே இவ்வட்டாரத்து எஞ்சினுக்கு உலர்முறையே சரி. எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷாலும் மிதமான காற்றாலும் தூசியை முதலில் போக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், கனெக்டர்கள், காற்று உள்ளே போகும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு, எஞ்சியுள்ள எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். ஏர் ஃபில்டரை, தயாரிப்பாளர் கடுந்தூசிப் பகுதிக்குக் குறித்திருக்கும் குறைந்த இடைவெளியிலேயே மாற்ற வேண்டும். சென்சார்களைக் காக்கும் முதல் அரண் அதுவே.