உயிர்க்காட்சிச் சாலைகளும் மக்கள் விருப்பமும்: மரக்காணக் கடற்கரையிலிருந்து ஒரு நோக்கு

மரக்காணம் என்றவுடன் உப்பளமே பலர் நினைவிற்கு வரும். சங்கநூல் கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடி அப்பட்டினத்தையும் குறிக்கும் சிறுபாணாற்றுப்படையில், உப்பு வணிகராகிய உமணரைப் பற்றி ஓர் இனிய காட்சி உண்டு. உமணர் வண்டி வரிசையோடு உடன்வந்த மந்தியொன்று, சிப்பிக்குள் முத்தையிட்டு, உமணப் பெண்டிர் பெற்ற புதல்வரோடு கிலுகிலி ஆடுகிறது. அக்காட்சி கொற்கைக் கடற்கரைக்குரியதேயன்றி எயிற்பட்டினத்திற்கு உரியதன்று. எனினும், உப்பு விற்றுப் பிழைப்போர் பயன் கருதாமல் ஒரு விலங்கைத் தம் மக்களோடு மக்களாக வளர்த்தனர் என்பதற்கு அது சான்றாகிறது. பட்டினப்பாலையோ வேறொரு விலங்கைக் காட்டும். பகைவர் சிறையில் வளர்ந்த கரிகாலனுக்கு அது கூட்டில் வளர்ந்த புலிக்குருளையை உவமை கூறும். கூட்டிலடைத்த புலியைக் கண்டறிந்தோர்க்கன்றி அவ்வுவமை விளங்காது.

விலங்கின்பால் மாந்தர்க்குள்ள விருப்பம் இருவகைப்படும் என்பது இவ்விரு காட்சிகளாற் பெறப்படும். ஒன்று, நம்மோடு விளையாடும் விலங்கின்மேல் எழும் அன்பு. மற்றொன்று, நம்மைக் கொல்ல வல்ல விலங்கைக் கம்பிக்கு இப்பால் நின்று காணும் அச்சங்கலந்த மகிழ்ச்சி. உயிர்க்காட்சிச் சாலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கூட்டம் சேர்த்த வரலாற்றில், இவற்றுள் எது பெரிதும் வென்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. மரக்காணத்தை நிலைக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று இவ்வூரிலிருந்து ஒரு குடும்பம் விலங்கு காணப் புறப்படுமாயின், கடற்கரைச் சாலையில் வடக்கே வடநெம்மேலி முதலைப் பண்ணை உள்ளது. அதற்கும் அப்பால் கிண்டிப் பாம்புப் பண்ணை. உள்நாட்டில் வண்டலூரும் வேடந்தாங்கலும். ஊரை ஒட்டியே கழுவெளி கிடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் கால்கள் எத்திசை நோக்கி நடக்கின்றன?

வரலாறு சென்னைப் பொருட்காட்சிச் சாலையில் தொடங்குகிறது. 1851ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அச்சாலையின் முதற் கண்காணிப்பாளர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். கல்லும் கனிமமும் பாடம் செய்த உடல்களும் அடுக்கியிருந்த அவ்விடத்தில் அவர் உயிருள்ள புலிக்குட்டி ஒன்றையும் சிறுத்தை ஒன்றையும் வைத்தார். அவற்றைக் காண மக்கள் திரண்டு வந்ததைக் கண்ட அவர், கருநாடக நவாபை அணுகி, அரண்மனையில் வளர்ந்த விலங்குகள் அனைத்தையும் காட்சிச் சாலைக்குக் கொடையாகப் பெற்றார். இங்ஙனம் 1855இல் சென்னை விலங்குக் காட்சிச் சாலை உருவாயிற்று. ஓராண்டிற்குள் அங்கிருந்த உயிர்களின் எண்ணிக்கை முந்நூற்றைக் கடந்தது. அதே 1855ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நவாப் குலாம் முகம்மது கௌசுகான் பிள்ளைப்பேறின்றி இறந்தார்; கும்பினியார் நவாப் பட்டத்தையே ஒழித்தனர். அரசு போயிற்று, அவ்வரசின் விலங்குகள் பொதுமக்கள் காட்சிக்கு நின்றன. சென்னை வரலாறு எழுதுவோர் பட்டம் ஒழிந்ததை விரித்துரைப்பதுபோல் விலங்குகள் கைம்மாறியதை விரித்துரைப்பதில்லை. அரண்மனைக்குள் சிலரே கண்டுவந்த புலியைத் தெருவில் நடப்போரும் காணலாயினர் என்பது சிறு மாற்றமன்று.

1863இல் அவ்விலங்குகள் நகராட்சியார் பொறுப்பிற்கு வந்து, இன்றைய சென்னை நடுவண் புகைவண்டி நிலையத்திற்கு அருகிலிருந்த மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பட்டன. அப்பூங்கா ஆளுநர் திரெவெலியன் முயற்சியால் அமைந்தது. பரப்பு 116 ஏக்கர். அதன் ஒரு கோடியில் விலங்குகள் இருந்தன. காண்பதற்குக் கட்டணம் இல்லை. எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் வழங்கினர். கல்லூரியைக் குறிக்கும் சொல் அவர்கள் வாயில் பலபொருள் தொகுத்துவைத்த பெரிய கட்டடம் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. சொற்பொருள் மாற்றம் ஆராய்வார்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. நமக்கு வேண்டுவது, அப்பெயர்களில் அடங்கியுள்ள மதிப்பீடே. அமராவதிச் சிற்பங்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. அவை இருந்த இல்லத்தை மக்கள் 'செத்த' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கினர். காணும் பொங்கலன்று வெளியூரினின்று வருவோர் இரண்டையும் பார்த்தே திரும்புவர் எனினும், முன்னது பின்னதற்குத் துணைக்காட்சியாகவே நின்றது.

மரக்காணத்திற்கும் அப்பூங்காவிற்கும் தொடர்பு அக்காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். 1877, 1878 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில், பசித்தோர்க்கு வேலை தரும் பொருட்டு அடையாற்றுக்கும் கூவத்திற்கும் இடைப்பட்ட பகுதி வெட்டப்பட்டது. அதனால் தென்கால்வாயும் வடகால்வாயும் இணைந்தன. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் மரக்காணத்திலிருந்து நகரின் நடுவிற்கே செல்லும் வழி பிறந்தது. அவ்வழி நடுவண் நிலையத்தை ஒட்டிச் செல்வது. பூங்காவோ அதற்கு அண்மையது. சரக்கை இறக்கிய படகோட்டி காசின்றிப் புலி காணத்தக்க நெருக்கம் அது. பழைய உமணர் தம் மந்தியை வண்டியோடு கொண்டு சென்றனர். இவ்வுமணர்க்கு விலங்கு, சென்ற இடத்தில் கூண்டினுள் இருந்தது.

இந்நெறி சென்னைக்கே உரியதன்று. இலண்டன் காட்சிச் சாலைக்கு 1850இல் எகிப்திலிருந்து நீர்யானைக் கன்று ஒன்று வந்தபோது, அதனை ஒருமுறை காண நகரமே திரண்டது. அச்சாலையில் அதற்கு முன்னும் நூற்றுக்கணக்கான இனங்கள் இருந்தன. அவை அத்தகைய கூட்டத்தை ஈர்க்கவில்லை. நம் அண்டை நாடுகளிலும் அரசர் கொட்டில்களே பொதுக்காட்சிகளாயின. திருவனந்தபுரத்துச் சாலை 1850களின் இறுதியிலும், மைசூர்ச் சாலை 1892இல் பத்தாம் சாமராசேந்திர உடையாராலும் அமைந்தன. மைசூர் பிற்காலத்தில் கொரில்லாவால் பெயர்பெற்றது. போலோ என்னும் ஆண் கொரில்லா அங்குத் துணையின்றிப் பல்லாண்டு வாழ்ந்து 2014இல் இறந்தது. அவ்வெற்றிடத்தை நிரப்ப 2021இல் செருமனியிலிருந்து இரண்டு கொரில்லாக்கள் வருவிக்கப்பட்டன. தமிழ்நாட்டினின்று மைசூர் செல்வோர் அங்கு மானையும் மயிலையும் நாடிச் செல்வதில்லை. தம் நாட்டில் இல்லாததை நாடியே செல்கின்றனர். ஆகவே, இனங்களின் தொகை ஒரு சாலைக்குப் பெருமை தரலாமேனும், கூட்டத்தைத் தருவது பிறரிடம் இல்லாத ஒன்றே என்று கொள்ளலாம்.

இக்கருத்திற்குச் சென்னையே தெளிவான சான்று தருகிறது. மக்கள் பூங்கா எல்லாவகை விலங்குகளையும் சிறிது சிறிது கொண்டிருந்தது. அதனைச் சுற்றி நகரம் நெருங்கிற்று. மூர் அங்காடி, ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கு என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த கட்டடங்கள் பூங்காவை விழுங்கின. இரைச்சலும் புகையும் மிகுந்தன. இந்நிலையில், 1972இல் ரோமுலசு விட்டேக்கர் கிண்டியில் பாம்புப் பண்ணை ஒன்றை நிறுவினார். அங்குப் புலியில்லை, சிங்கமில்லை, யானையுமில்லை. சிறிய நிலத்தில், ஊர்வன மட்டுமே இருந்தன. நாட்டில் யாவரும் கண்டஞ்சிக் கம்பெடுத்து அடிக்கும் உயிரை, கட்டணம் கொடுத்துக் காணும் பொருளாக்கியது அப்பண்ணை. பாம்பு அரிய உயிரன்று. மரக்காணத்து வயல் வரப்பிலும் அது உண்டு. கிட்ட நின்று அமைதியாகக் காணும் வாய்ப்பே அங்கு அரிதாயிற்று. பிறரிடம் இல்லாதது என்பது விலங்காகவே இருக்க வேண்டுவதில்லை, காணும் முறையாகவும் இருக்கலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

1976இல் அவரும் சாய் விட்டேக்கரும் பிறரும் சேர்ந்து வடநெம்மேலிக் கடற்கரையில் முதலைப் பண்ணையைத் தொடங்கினர். சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் ஆகிய மூவகை இந்திய முதலைகளும் அழியும் நிலையில் இருந்தமையால், அவற்றை இனப்பெருக்கம் செய்து ஆறுகளில் விடுவதே நோக்கம். நோக்கம் அதுவாயினும், பண்ணையை நடத்தும் பொருளில் பார்வையாளர் கட்டணமும் ஒரு பகுதி. ஈண்டு ஒரு முரண் தோன்றியது. சதுப்புநில முதலைகள் எளிதிற் பெருகின. விடுதற்கேற்ற நீர்நிலைகளோ பெருகவில்லை. கரையெங்கும் நூற்றுக்கணக்கில் அவை குவிந்து கிடக்க, வருவோர் தேடிச் சென்றது 'ஜாஸ்' எனப் பெயரிட்ட பேருருவ உவர்நீர் முதலை ஒன்றையே. பெருகிய ஆயிரம் முதலைகளைக் குசராத்திலுள்ள சாம்நகர்க் காப்பகத்திற்கு அனுப்பும் ஏற்பாடு வழக்காகி, 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதற்குத் தடைவிதிக்க மறுத்தது. ஓரிடத்தில் மிகையாய்ப் போனது மற்றோரிடத்தில் செல்வமாகக் கொள்ளப்படும் என்பது விலங்குத் தொகுப்புகளின் இயல்பு.

அப்பண்ணையில் முதலைக்கு நிகராகக் கூட்டம் கூட்டியது இருளரின் திறம். பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடைபட்டபின், அதனை நம்பியிருந்த இருளர் வாழ்விழந்தனர். 1978இல் அவர்கட்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பின் நஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விடுவர்; அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்படும். நஞ்செடுக்கும் காட்சியைப் பண்ணையில் பார்வையாளரும் காணலாயினர். மரக்காணப் பகுதியிலும் வாழும் அவ்வினத்தாரின் பழந்தொழிலறிவு காட்சிப் பொருளானது பற்றி நமக்கு இருவகை எண்ணம் உண்டு. அவ்வறிவிற்குக் கூலியும் மதிப்பும் கிடைத்தன என்பது மறுக்க ஒண்ணாதது.

இனி வண்டலூர். பூங்காவில் இடமின்மையால் 1979இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் நிலம் ஒதுக்கப்பட்டு, 1985 சூலைத் திங்களில் முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரன் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். அதன் இன்றைய பரப்பு 602 எக்டேர். கம்பிக் கூண்டிற்கு மாறாக அகழியும் மரநிழலும் அமைத்தமை விலங்கிற்குப் பெருநன்மை. ஆயின், புதருக்குள் உறங்கும் புலியைக் காணாது திரும்புவோர்க்கு அந்நன்மை விளங்குவதில்லை. வெள்ளைப் புலிக்கு அங்குள்ள செல்வாக்கினை இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும். 1951இல் ரேவா அரசர் பிடித்த மோகன் என்னும் ஒரு குட்டியின் வழிவந்தவையே நம் நாட்டு வெள்ளைப் புலிகளிற் பல. நெருங்கிய உறவிற்குள் இணைத்து இணைத்துப் பெறப்பட்டமையால் அவற்றுள் குறையுடற் பிறவி மிகுதி. காட்டுப் புலியினத்தைக் காப்பதில் அவற்றிற்குப் பங்கில்லை. எனினும், ஒரிசாவின் நந்தன்கானனில் 1980இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்ததும் அச்சாலையின் புகழ் நாடெங்கும் பரவிற்று. பிற சாலைகளும் வெள்ளைப் புலி வேண்டி நின்றன. நிறம் ஒன்றே அங்கு விலைபோயிற்று.

1992இல் அமைந்த நடுவண் உயிர்க்காட்சிச் சாலை ஆணையம், சாலைகளைப் பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை எனப் பகுக்கும்போது, பரப்பு, இனங்களின் தொகை, உயிர்களின் தொகை ஆகியவற்றோடு ஆண்டிற்கு வரும் பார்வையாளர் தொகையையும் அளவையாகக் கொண்டது. விலங்கின் நலத்திற்கெனப் பல நல்ல விதிகளை வகுத்த அமைப்பே இவ்வளவையையும் வகுத்தது என்பது நமக்குச் சிறிது வியப்பைத் தருகிறது. கூட்டத்தைக் கொண்டு தரம் அளக்கும்போது, கூட்டும் விலங்கிற்கான போட்டி ஒழியுமாறு எங்ஙனம்?

இவ்வளவையால் அளக்க முடியாதது மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி. பழவேற்காட்டிற்கு அடுத்ததாகக் கூறப்படும் பெரிய உவர்நீர்ப் பரப்பு இது. இதன் நீர் எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு கலக்கும். 2021இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்று, 2024 ஆகத்தில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலில் அதன் பரப்பு 5,151.6 எக்டேர், வண்டலூரைப்போல் எட்டு மடங்கிற்கும் மேல். பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் ஆலாவும் அங்கு வருகின்றன. எனினும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிகள் வடநெம்மேலியில் நிற்பதுபோல் இங்கு நிற்பதில்லை.

பறவைகளை மக்கள் விரும்புவதில்லை என்று இதனாற் கூறல் பொருந்தாது. வேடந்தாங்கலில் கூட்டம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூரார் பறவைகளைச் சுடுதற்குத் தடைவேண்டி, ஆட்சியர் லயனல் பிளேசிடம் ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1936இல் அது முறையான புகலிடமாயிற்று. அங்குப் பறவைகள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. கரைமேல் நின்றால் குஞ்சின் வாயும் தெரியும். கழுவெளியில் பறவை தொலைவில் நிற்கிறது. அருகிற் சென்றால் எழுந்து போய்விடுகிறது. 'ஜாஸ்' போலவோ போலோ போலவோ பெயர்சூட்டத்தக்க ஒன்றும் ஆங்கில்லை. பறவைக் கூட்டமே காட்சி. அதுவும் சில திங்களுக்கே.

அத்திங்கள்கள் உப்புத் தொழிலோடு இயைந்தவை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், தொழில் நின்றுவிடும், உப்பளத் தொழிலாளர் கூலியின்றி இருப்பர். அப்போதுதான் வலசைப் பறவைகள் கழுவெளிக்கு வருகின்றன. தை கழிந்து வெயில் ஏறத் தொழிலாளர் மீண்டும் பாத்தி மிதிக்கத் தொடங்குகின்றனர். பறவைகளுள் பெரும்பாலன அதன்பின் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. ஓய்ந்திருக்கும் அம்மழைத் திங்கள்களில் கழுவெளிக் கரையில் நின்று அவற்றைக் காண்போருள், தொலைவூரினின்று வருவோரைவிட அவ்வூராரே மிகுதி.