மாறிய பரீட்சையும் மாறக்கூடாத புள்ளியும்

ஆட்சேர்ப்புக்கெனப் பல்லாண்டுகளாக நடத்தப்படும் பரீட்சையின் வினாத்தாளை என்றோ ஒருநாள் மாற்றியே தீரவேண்டும். வினாக்கள் வெளியே கசிந்துவிடும். அவற்றைப் பயிற்றுவிப்போரும் தோன்றிவிடுவர். ஆனால் புதிய தாளில் பெறும் 50 புள்ளி, பழைய தாளின் 50 புள்ளிக்கு ஒத்த பெறுமதி உடையதா? இவ்வினாவுக்குத் தவறான விடை கண்டதால் ஐக்கிய அமெரிக்கப் படைகள் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஏமாந்தன.

கட்டாய ஆட்சேர்ப்பு 1973 இல் கைவிடப்பட்ட பின்னர், 1976 ஜனவரியில் எல்லாப் படைகளுக்கும் பொதுவான புதிய 'அஸ்வாப்' பரீட்சைத் தாள்கள் நடைமுறைக்கு வந்தன. விண்ணப்பதாரியின் புள்ளி, 1944 ஆம் ஆண்டில் படைச்சேவையில் இருந்தோரின் மட்டத்துடன் ஒப்பிட்டே கூறப்பட்டு வந்தது. அந்தத் தொடர்பு அறுந்துவிடாதிருக்க, புதிய தாளையும் பழைய தாளையும் ஒரே குழுவினருக்குக் கொடுத்து, எந்தப் புள்ளி எதற்குச் சமன் என அட்டவணை தயாரிப்பதே வழமை. முறையில் குறையில்லை. ஆனால் அக்குழுவில் சிலர் பழைய தாளில் முன்கூட்டியே பயிற்சி பெற்றிருந்தனர். எனவே அதில் தமது திறமைக்கு மிஞ்சிய புள்ளிகளைப் பெற்றனர். புதிய தாளில் அவர்கள் பெற்ற குறைந்த புள்ளிக்கு அந்த மிகையான பெறுமதி ஏற்றப்பட்டது. தவறுக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் இதுவே பரீட்சைத் திணைக்களங்கள் யாவும் கவனிக்க வேண்டியதாகும்.

1979 நிதியாண்டில் தரைப்படையில் சேர்ந்தோருள், பரீட்சையின் கீழ்மட்டமான நான்காம் தரத்தினர் 9 வீதமே என அறிவிக்கப்பட்டிருந்தது. 1980 இல் தவறு வெளிப்பட்டுக் கணக்குத் திருத்தப்பட்டபோது அது 46 வீதமாயிற்று. உரிய தகைமைப் புள்ளியின்றி உட்புகுந்தோர் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர். அவர்கள் எவரும் குற்றவாளிகளல்லர். தரப்பட்ட தாளுக்கே விடையெழுதினர். அவர்களுட் பெரும்பாலானோர் சேவையில் ஏற்கத்தக்க முறையில் கடமையாற்றினர் எனப் பின்னைய ஆய்வுகள் காட்டியமை இன்னொரு சங்கடத்தைத் தோற்றுவித்தது. அப்படியாயின் அந்தப் புள்ளி எதனைத்தான் அளந்தது? படைவீரரின் செயன்முறைத் திறனை நேரிற் சோதித்துப் பரீட்சைப் புள்ளியுடன் ஒப்பிடும் நீண்ட ஆய்வுத் திட்டம் 1980 இல் ஆரம்பமானதற்கு இக்கேள்வியும் ஒரு காரணமாகும்.

அளவுகோலும் மாற்றப்பட்டது. அதே ஆண்டில் 16 முதல் 23 வயது வரையான ஏறத்தாழ 12,000 இளைஞர் யுவதிகள் நாடெங்கிலுமிருந்து தெரிவு செய்யப்பட்டு, தலா 50 டொலர் கொடுக்கப்பட்டுப் பரீட்சிக்கப்பட்டனர். அவர்கள் வேலை தேடி வந்த விண்ணப்பதாரிகளல்லர். ஆகவே பயிற்சி பெற்று வரவேண்டிய தேவையும் அவர்களுக்கிருக்கவில்லை. அவர்களது பெறுபேறே 1984 முதல் அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. 1997 இல் திரட்டப்பட்ட புதிய மாதிரி, 2004 ஜூலையில் அதன் இடத்தைப் பிடித்தது.