காலடியில் இருந்த பகை

கண்டிச் சீமை என்றவுடன் ஏரியும் மலையும் பசுந்தேயிலையும் நம் மனக்கண்முன் தோன்றும். அம்மலைச் சாரலிலே, மண்ணில் மறைந்திருந்து மக்களின் குருதியைக் குடித்த ஒரு சிறு புழுவின் வரலாறும் உண்டு.

கொழுக்கிப்புழு என்பது அதன் பெயர். மனித மலத்தோடு மண்ணிற் சேரும் அதன் முட்டை, ஈரமும் வெம்மையும் நிழலும் உள்ள இடத்திற் பொரிக்கும். இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். இரத்த வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிலே தங்கும். ஒரு புழு உறிஞ்சும் குருதி மிகச் சிறிதே. ஆயினும் புழுக்கள் பெருகப் பெருகப் பிள்ளை வெளிறும், சோரும். பாடத்தில் மனம் ஊன்றாது. சோம்பல் என்று ஆசிரியர் கடிந்தது பல வேளைகளில் இரத்தச்சோகையே ஆகும்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்தார்மேற் சுமத்திற்று. ஆனால் நோயுற்ற பிள்ளைக்குப் பாடசாலை மட்டும் போதுமா? 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார், கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே இப்புழுவை ஒழிக்க முற்பட்டனர். மருந்து கொடுத்தனர், புழுக்கள் வெளியேறின. ஆயினும் லயன்களிலே போதிய மலசலகூடங்கள் இல்லை. நோய் நீங்கியவர் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். மருந்துக்கு ஆகும் செலவு சிறிது. கூடம் கட்டும் செலவோ பெரிது. அதனை ஏற்கத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர்.

அத்தயக்கம் ஓர் உண்மையை உணர்த்திற்று. மருந்து ஒரு நாளைக்கு உதவும். பழக்கமும் வசதியுமே என்றும் காக்கும். இவ்வழியிலேதான் 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. நோய் வந்தபின் மருந்தளிப்பதோடு நில்லாது, வீடுதோறும் கூடம் அமைப்பித்தலும், பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தலும், சுகாதாரம் போதித்தலும் அதன் பணிகளாயின. பின்னர் இம்முறை நாடெங்கும் பரவிற்று.

தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கின. ஆயினும் மாத்தளைத் தோட்டங்கள் எழுப்பிய வினா பழையதாகிவிடவில்லை. கூடம் இருந்தும் நீர் இல்லையேல் எஞ்சுவது பூட்டிய கதவே. அக்கதவின்முன் முதலில் வருந்துபவள் வளர்ந்த பெண்பிள்ளை. நீர் இருந்தும் சவர்க்காரம் இல்லையேல், கைகழுவும் பாடம் ஏட்டோடு நின்றுவிடும்.

ஆதலின், ஒரு பாடசாலையைப் பார்க்கச் செல்வோர் கரும்பலகையை நோக்குமுன் அதன் பின்புறம் சென்று குழாயைத் திறந்து பார்ப்பாராக. அப்பாடசாலை தன் பிள்ளைகளை எவ்வளவு மதிக்கிறது என்பது அங்கே தெரியும்.