விலை இறங்கக் காத்திருந்த ஜி.எஸ்.டி. சாலை

மறைமலை நகருக்கு முதலில் வந்தது சாலை, அடுத்து மனை எண். குடும்பங்கள் வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்துத்தான். சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975-ல் ஏற்கப்பட்டபோது, நகரத்தின் நெரிசலைக் குறைக்கத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, மறைமலை நகர் என்று மூன்று துணை நகரங்களை அது குறித்துவைத்தது. முதல் இரண்டும் ஏற்கெனவே இருந்த ஊர்கள். மூன்றாவதை வெறும் நிலத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. அன்று எம்.எம்.டி.ஏ. என்று அழைக்கப்பட்ட பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி 1980 வாக்கில் வேலையைத் தொடங்கியது. தனித்தமிழ் இயக்கத்தை முன்னெடுத்த மறைமலை அடிகளின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். குடியிருப்புகள் என்.எச்.1, என்.எச்.2 என்று பிரிக்கப்பட்டன. சாலைகளுக்குப் பாவேந்தர், பெரியார் என்று பெயர்கள்.

ஊர் தயாராக இருந்தது, ஆட்கள்தான் வரவில்லை. வேலை பாரிமுனையிலும் கிண்டியிலும் அம்பத்தூரிலும் இருக்கும்போது, காலையில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து இரவில் திரும்ப யாருக்கு மனம் வரும்? ‘பஸ் வரட்டும், பள்ளிக்கூடம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று மனை வாங்கியவர்களே கல்லை நட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஊரின் போக்கை மாற்றியவை தொழிற்சாலைகள். மகிந்திராவுடன் கூட்டு சேர்ந்து வந்த ஃபோர்டு, இங்கே கட்டிய ஆலையிலிருந்து 1999-ல் ஐகான் காரை வெளியே விட்டது. 2002-ல் பரனூர் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி வந்தது. 2011 கணக்கெடுப்பில் மறைமலை நகர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 82 ஆயிரம்.

விலை இறங்கும் என்று காத்திருக்கும் வழக்கம் இந்தச் சாலையில் தொடங்கியது அல்ல. வீட்டு விலை நிஜமாகவே சரிந்த ஒரு காலத்தை மதராஸ் பார்த்திருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. அடுத்தது மதராஸ்தான் என்ற அச்சத்தில், அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசு அறிவித்தது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிடைத்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறியவர்கள் பலர், துணிந்து வாங்கியவர்கள் சிலர். ஆனால் அந்தச் சரிவு நீடிக்கவில்லை. 1941-ல் 7 லட்சத்து 77 ஆயிரமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டியது. வீடு கிடைக்காமல் வாடகை எகிற, 1946-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

அன்று விலை சரிந்ததற்குக் காரணம், விற்றே ஆக வேண்டிய நிலையில் மனிதர்கள் இருந்தது. அப்படி ஒரு நிலை வராத இடத்தில், வாங்க ஆளில்லை என்பதால் மட்டும் விலை விழுந்துவிடாது. வண்டலூருக்குத் தெற்கே நடந்தது இதுதான்.

2008-ல் உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது, இன்னும் இறங்கும் என்று கையில் பணத்தோடு நின்றவர்கள் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் ஏராளம். விற்பனை கொஞ்ச நாள் தேங்கியது, பிறகு விலை ஏறத் தொடங்கியது. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ஐ 100 என்று வைத்துத் தயாரித்த விலைக் குறியீட்டில், 2012-ல் சென்னையின் எண் 300-ஐத் தாண்டிவிட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் திறந்தது, பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். விரிந்துகொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் மனை விளம்பரம். தாம்பரத்திலிருந்து இலவச வேன், சாப்பாடு, முன்பணம் கட்டினால் தங்கக் காசு. ‘இன்னிக்கே டோக்கன் போடுங்க சார், அடுத்த மாசம் அடிக்கு நூறு ரூபா ஏறிடும்’ என்பது வேனில் ஏறியவர்கள் எல்லாரும் கேட்ட வாக்கியம். 2009-ல் காத்திருந்து ஏமாந்தவர்கள், அந்த வாக்கியத்தை நம்பி 2013-ல் வாங்கினார்கள்.

அதன் பிறகு சந்தை நின்றது.

ஒரே காரணத்தால் அல்ல. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் மூழ்கி, படகில் ஆட்களை மீட்டார்கள். அதுவரை ‘ஏரிக் காற்று’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட மனைகளை வாங்க வந்தவர்கள், எந்த ஏரியின் உபரிநீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு மாதத்தில் பணமதிப்பு நீக்கம்.

நீதிமன்றத் தடை இந்தப் பக்கத்தை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகப் பாதித்ததற்கு வரைபடத்தில் காரணம் இருக்கிறது. அன்றைய பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். அதன் தெற்கு எல்லை வண்டலூரை ஒட்டி முடிந்துவிட்டது. பெருநகரக் குழுமம் உருவாக்கிய மறைமலை நகரே அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. எல்லை தாண்டிய ஊர்களில் முறைப்படி நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல், அதாவது டி.டி.சி.பி. அப்ரூவல் வேண்டும். நடைமுறையில் வயலைப் பிரித்து, சாலை என்று சுண்ணாம்புக் கோடு போட்டு, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்ற லே-அவுட்கள் கணக்கில் அடங்காதவை. பத்திரம் பதிவாகிக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவில்லை. பதிவு நின்ற அன்றுதான், பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்ட மனை கல்யாணத்துக்கு உதவாது என்று குடும்பங்களுக்குத் தெரிந்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானவற்றை மறுபடி பதிவு செய்ய வழி பிறந்தது. அதற்குள் சந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

இந்த ஆண்டுகளில் வாங்க ஆளில்லை. அமெரிக்காவாக இருந்தால் விலை சரிந்திருக்கும். அங்கே 2006-க்கும் 2012-க்கும் இடையே வீட்டு விலை கால்பங்குக்கும் மேல் குறைந்தது. அயர்லாந்தில் 2007-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. அங்கெல்லாம் வீட்டின் மேல் பெரிய கடன் இருந்தது. தவணை நின்றால் வங்கி வீட்டை எடுத்து வந்த விலைக்குத் தள்ளிவிடும். கூடுவாஞ்சேரியில் மனை வைத்திருந்தவரின் நிலை வேறு. சீட்டுப் பணம், பி.எஃப்., நகை, ஊரில் விற்ற நிலம் என்று சேர்த்துவைத்த காசில் வாங்கியவர் அவர். மாதத் தவணை கிடையாது, வெற்று மனைக்குச் செலவும் பெரிதாக இல்லை. ‘என் விலை வந்தா குடுக்கிறேன், இல்லேன்னா கிடக்கட்டும்’ என்று அவரால் பத்து வருஷம்கூடச் சொல்ல முடியும். சொன்னார்கள். எனவே அடிக்கணக்கு விலை அப்படியே நின்றது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் குறைந்தது.

விலை நின்றது என்றாலும், காத்திருந்தவருக்கு அது குறைந்துகொண்டுதான் வந்தது. ஆண்டுக்கு 5 சதவீதம் பணவீக்கம் என்று வைத்துக்கொண்டால், ஆறு வருஷம் அசையாத விலையின் உண்மை மதிப்பில் கால்பங்கு கரைந்துவிடும். சம்பளம் ஏறியவருக்கு மனை மலிவானது, மனைக்காரர் ஒரு பைசா குறைக்காமலே. விற்றவர்களுக்கும் இந்த நஷ்டம் கண்ணில் படவில்லை. 25 லட்சத்துக்கு வாங்கியதை 25 லட்சத்துக்கு விற்றால் கை நஷ்டம் இல்லை என்றே பெரும்பாலோர் எண்ணினார்கள்.

வீட்டுக் கடனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2013-14-ல் வட்டி 10 சதவீதத்துக்கு மேல். 25 லட்சம் கடன், இருபது வருஷம், 10.25 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 24,500 ரூபாய். ரிசர்வ் வங்கி 2020 மே மாதத்தில் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கியதால், அடுத்த ஆண்டு 6.75 சதவீதத்துக்கே கடன் கிடைத்தது. அதே 25 லட்சத்துக்குத் தவணை சுமார் 19,000. மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்பது அன்று மறைமலை நகரில் ஒரு சிறு வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வந்த தொகை. இந்த வட்டி நிலையானது என்று நம்பியவர்களுக்கு 2022 மே முதல் வேறு பாடம் கிடைத்தது. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 சதவீதத்துக்கு ஏறியது. தவணையைக் கூட்டாமல் வங்கிகள் கடன் காலத்தை நீட்டியதால், பலருக்கு அது உடனே தெரியவே இல்லை.

அடுக்குமாடி கட்டியவர்களின் கதை மனைக்காரர் கதையிலிருந்து வேறுபட்டது. அவர்கள் கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. ஆனால் விலையைக் குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் கார் நிறுத்துமிடம் இலவசம், பதிவுச் செலவு எங்களுடையது, மாடுலர் கிச்சன் போட்டுத் தருகிறோம் என்று மறைமுகமாக இறங்கினார்கள். 2019 ஏப்ரல் முதல் கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதமாகவும், 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடுகளுக்கு 1 சதவீதமாகவும் குறைந்தது. தெற்குப் புறநகரில் விற்ற வீடுகளில் பல இந்த வரம்புக்குள் வந்தவை. முழுதாகக் கட்டி முடித்துச் சான்று பெற்ற வீட்டுக்கு அந்த வரியே இல்லை. ‘கட்டி முடிச்சதைக் காட்டு’ என்று கேட்கும் பழக்கம் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. அது வாங்குபவருக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

அரசு தன் பங்குக்கு, பத்திரப்பதிவுச் செலவுக்கு அடிப்படையான வழிகாட்டி மதிப்பில் கை வைத்தது. 2012-ல் கூட்டிய மதிப்பை 2017 ஜூன் 9 முதல் 33 சதவீதம் குறைத்தது. விலை இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அதே நாளில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது பேச்சில் அவ்வளவாக அடிபடவில்லை. வழிகாட்டி மதிப்புப்படி 30 லட்சம் என்றிருந்த சொத்துக்கு, முத்திரைத் தீர்வை 7, பதிவு 1 என்று முன்பு ஆன செலவு 2 லட்சத்து 40 ஆயிரம். புதிய கணக்கில் மதிப்பு ஏறக்குறைய 20 லட்சம், செலவு 11 சதவீதம், அதாவது 2 லட்சத்து 20 ஆயிரம். மதிப்பில் பத்து லட்சம் குறைந்து, செலவில் மிச்சமானது இருபதாயிரம். 2023-ல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியபோது அதே சொத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ஆனது.

காத்திருந்த ஆண்டுகளைச் சிலர் வீணாக்கவில்லை. பதிவுத்துறையின் இணையச் சேவை வழியாக வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. சர்வே எண்ணைப் போட்டு முப்பது வருஷத்துப் பரிவர்த்தனையை வரிசையாகப் படித்து, நடுவில் ஒரு வாரிசு கையெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, முன்பணம் கொடுக்காமல் தப்பியவர்கள் உண்டு. மனையைச் சித்திரை வெயிலில் பார்த்துப் பிடித்துப்போனாலும், ஐப்பசி மழையில் ஒருமுறை போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும், பக்கத்து வீட்டுக்காரரிடம் போர் எத்தனை அடி, உப்புத் தண்ணியா என்று கேட்பதும் 2015-க்குப் பிறகு வழக்கமாயின. இடையில் வாடகையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னைப் பழக்கத்தை, 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் மூன்று மாதமாகக் குறைத்தது. வீட்டுக்காரர்கள் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வரலாற்றில் மனம் கனக்கும் பகுதி 2021-ல் வருகிறது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்த ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 2,600 பேர். இருபது வருஷ வேலையை நம்பி இந்தப் பகுதியிலேயே வீட்டுக் கடன் எடுத்தவர்கள் அவர்களில் கணிசம். இழப்பீட்டுக்காக அவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. இனி இங்கே வீடுகள் மலிவாக வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பது, அந்த 2,600 குடும்பங்களில் யாரோ ஒருவர் தவணை கட்ட முடியாமல் விற்பதற்குக் காத்திருப்பதுதான். 1942-ல் பூட்டிய வீடுகளை வாங்கியவர்களும் இப்படி ஒருவரின் அவசரத்தைத்தான் வாங்கினார்கள். விலை இறங்குவதைப் பற்றிய பேச்சில் விற்பவரின் முகம் எப்போதும் விடுபட்டுப்போகிறது.

பெரிய சரிவு எதுவும் நிகழவில்லை. பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் ஆணை 2022 அக்டோபரில் வந்தது. 2019-ல் அடிக்கல் நாட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. மனை விலை மறுபடி அதைச் சுற்றி ஏறத் தொடங்கியது. குஜராத்தின் சனந்த் ஆலையை டாடாவுக்கு விற்ற ஃபோர்டு, மறைமலை நகர் ஆலையை விற்காமல் வைத்திருந்தது. 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் 2029 முதல் இங்கே என்ஜின்கள் தயாராகும். அறிவிக்கப்பட்ட வேலைகள் சுமார் 600.