வீதியும் வீடும்: பம்பாய் நகர வாழ்வின் ஒரு பக்கம்

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் பம்பாயிலுள்ள வாட்ஸன் ஹோட்டலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பிரெஞ்சு நாட்டு லூமியே சகோதரர்களின் அசையும் படங்கள் இந்திய மண்ணில் முதன்முதலாகக் காட்டப்பெற்றன. அனுமதிச் சீட்டின் விலை ஒரு ரூபாய். ஆலைத் தொழிலாளிக்கு எட்டாத தொகை. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், மாண்ட்வி வட்டாரத்தில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. எட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரிலிருந்து லட்சக்கணக்கானோர் ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் வெளியேறினர்.

நேயர்கள் இந்நகரை இன்று மும்பை என்று அறிவார்கள். 1995-இல்தான் அப்பெயர் அரசாங்க வழக்கில் ஏறிற்று. நாம் பேசப்போவது பெரிதும் அதற்கு முற்பட்ட காலமாகையால் பழைய பெயரையே கையாளுகிறேன்.

1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் பம்பாயின் முதல் பஞ்சாலையை நிறுவினார். அதனைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின. ரத்னகிரி, சதாரா, கொல்ஹாப்பூர் முதலிய பகுதிகளிலிருந்து ஆடவர் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்து சேர்ந்தனர். அவர்கள் தங்கியது ‘சால்’ எனப்படும் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில். நீண்ட நடை, அதன் ஓரமாக வரிசையாய் ஒற்றை அறைகள், பலருக்கும் பொதுவான குழாயும் கழிப்பிடமும். சால் என்பது இவ்வளவே. ஓர் அறையில் பலர் முறைவைத்து உறங்கினர். பகல் முறைக்குப் போனவன் எழுந்த பாயில் இரவு முறை முடித்து வந்தவன் சாய்ந்தான். அறையில் நிலையாகக் குடியிருந்தவை தகரப் பெட்டிகளே எனலாம்.

அறையில் இடமில்லாதபோது வாழ்வு வீதிக்கு வருவது இயல்பே. சமைத்துப் போட ஆளில்லாதவர்களுக்கு ‘கானாவள்’ நடத்திய பெண்கள் சோறிட்டனர். மாதக் கணக்கு வைத்து உணவளித்த இப்பெண்களின் உழைப்பு வெகுகாலம் தொழிலாகவே மதிக்கப்படவில்லை. 1975-இல் பிரேமா புரவ் நிறுவிய அன்னபூர்ணா மகளிர் மண்டலம்தான் அவர்களை ஒன்றுசேர்த்தது. தேகப்பயிற்சிக்குத் தாலீம்கள், பக்திக்குப் பஜனைக் குழுக்கள், பொழுதுபோக்குக்கு மேட்டுநிலத்தாரின் தமாஷாவும் கொங்கணத்தாரின் தசாவதாரக் கூத்தும் ஆலை வட்டாரத்தில் இடம்பெற்றன. 1893 முதல் திலகர் பொதுவிழாவாக வளர்த்த கணேசோத்ஸவம் இவ்வெளியில் வேரூன்றிற்று. விழாவுக்கு வேண்டிய முற்றம் இருந்தது. ஒரு குடும்பம் நிம்மதியாய்ப் படுக்க அறைதான் இல்லை.

இக்கலைகளுள் தமாஷாவைத் தனித்துக் குறிப்பிட வேண்டும். மேட்டுக்குடியினர் அதனைக் கீழ்த்தரக் கேளிக்கை என்று ஒதுக்கினர். அவர்கள் அதனை முழுவதும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். 1940-களில் அண்ணாபாவு சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகிய மூவரும் அவ்வடிவத்தையே எடுத்துத் தொழிலாளரின் கூலி, வேலைநிறுத்தம், விலைவாசி ஆகியவற்றைப் பேசவைத்தனர். அண்ணாபாவு சிறுவனாக இருந்தபோது, சாங்லிப் பகுதியிலுள்ள தம் கிராமத்திலிருந்து குடும்பத்தாருடன் நடந்தே பம்பாய் வந்தவர் என்பர். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லை. ‘பகீரா’ என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய அவர் நெடுங்காலம் வாழ்ந்தது காட்கோபர் குடிசைப் பகுதியில்தான்.

அவ்வாறாயின் நகர நிர்வாகம் என்ன செய்தது? பிளேக்குக்குப்பின் 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஏற்பட்டது. நெருக்கடிப் பகுதிகளை இடித்து அகன்ற சாலைகளை அது அமைத்தது. ஆனால் முதற் பத்தாண்டில் இடித்த அளவுக்குக் கட்டவில்லை. 1920-இல் கவர்னர் ஜார்ஜ் லாய்டு காலத்தில் பம்பாய் அபிவிருத்தித் துறை தோன்றி, ஐம்பதாயிரம் குடியிருப்புகளுக்குத் திட்டமிட்டு, பதினாறாயிரம் அளவில் கட்டி முடித்தது. ஓர் அறை சுமார் 160 சதுர அடி. வாடகை கட்டுபடியாகாமையால் அவற்றிலும் பல தொடக்கத்தில் காலியாகவே கிடந்தன. வீடற்றோரும் ஆளற்ற வீடுகளும் ஒரே நகரில் அருகருகே இருந்த விந்தை அது.

சாலுக்கும் குடிசைக்கும் வழியில்லாதவர் வீதியோரத்திலேயே அடுப்பு மூட்டினர். ‘நடைபாதைவாசி’ என்று இவர்களை மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பே தொழிலாக உடைய எனக்கு இச்சொல் எப்போதும் உறுத்தும். நடைக்கு உரிய பாதையில் வாசம் எங்ஙனம்? விசித்திரம் என்னவெனில், பின்னர் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கும் இக்கேள்வியையே சுற்றிற்று.

1981 ஜூலையில், மழைக்காலத்தின் நடுவே, நடைபாதைக் குடிசைகளை அகற்றி அங்குள்ளோரை நகருக்கு வெளியே அனுப்ப முதலமைச்சர் அந்துலே அறிவிப்புச் செய்தார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் நடைபாதைவாசிகள் சிலரும் உச்சநீதிமன்றத்தை அணுகினர். 1985 ஜூலை 10-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பிழைப்பு என்பது உயிர்வாழும் உரிமையின் கூறு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வேலைக்கு அருகில் தங்கினால்தான் பிழைக்க முடியும் என்பதால் அவர்கள் அங்குத் தங்குகின்றனர் என்பதையும் ஏற்றது. ஆயினும் நடைபாதையில் குடியிருக்க எவர்க்கும் உரிமையில்லை. மழைக்காலம் கழிந்து, அக்டோபர் 31-க்குப்பின் அகற்றலாம் என்றது. உரிமையை வழங்கிய கையே உறைவிடத்தைப் பறிக்கவும் அனுமதித்தது எனச் சட்ட அறிஞர் பலர் குறைகூறினர், அக்குறை நியாயமானதே.

அதே ஆண்டு ‘ஸ்பார்க்’ என்னும் தொண்டு நிறுவனம் நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. இரந்துண்போர் என ஊரார் எண்ணியிருந்தவர்களுள் பெரும்பாலோர் கூலியாட்கள், சிறு வியாபாரிகள், வீட்டு வேலைக்காரர்கள் என்பது தெரியவந்தது. பின்பு பைகுல்லாவின் நடைபாதைப் பெண்கள் ‘மகிளா மிலன்’ என்ற அமைப்பில் கூடித் தமக்கு வேண்டிய வீட்டைத் தாமே திட்டமிட்டனர். அளவுகோல் ஏது? உடுத்திய சேலையின் நீளத்தைக் கொண்டு அளந்தனர். பதினான்கு அடி உயரம், இடையில் உறங்குவதற்கு ஒரு பரண். அத்திட்டத்தை மாதிரி வீடாகக் கட்டி அதிகாரிகளையும் ஊராரையும் அழைத்துக் காட்டினர்.